64 கடிதங்கள், 14 பெயர்கள்: ஒரு போதைமீட்பு இல்லம் நிதி தேடிய விதம்

பின்னணி

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு நடுத்தர நகரம். அங்கே ஆண்களுக்கான போதைமீட்பு இல்லம் ஒன்று எட்டுப் படுக்கைகளோடு இயங்குகிறது. சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வருகிறவர் பழைய சூழலுக்கே போய் விழாமல், ஆறு மாதமோ ஓராண்டோ தங்கி, வேலை தேடி, மீட்புக் கூட்டங்களுக்குப் போய், மெல்ல நிமிர்வதற்கான இடம் அது. மருத்துவச் சிகிச்சை அங்கே கிடையாது. சம்பளத்துக்கு ஓர் இல்லப் பொறுப்பாளரும், தானே மீண்டு வந்த அனுபவமுள்ள ஒரு சக துணை ஒருங்கிணைப்பாளரும் இருக்கிறார்கள். நடத்துவது 501(சி)(3) வரிவிலக்குப் பெற்ற ஒரு சிறு தொண்டு நிறுவனம்.

ஆண்டுச் செலவு 112,000 டாலர். வாடகை 28,800, மின்சாரம், தண்ணீர், இணையம் 7,200, பொறுப்பாளர் 24,000, ஒருங்கிணைப்பாளர் 38,000, காப்பீடு 6,000, சிறுநீர்ப் பரிசோதனைப் பொருட்கள் 3,000, கணக்கு எழுதும் செலவு 5,000. தங்குபவர் வாரம் 140 டாலர் கட்ட வேண்டும். சராசரியாக 85 சதவீதப் படுக்கைகள் நிரம்பியிருந்ததால் ஆண்டுக்கு 49,500 டாலர் வரவேண்டும். கைக்கு வந்தது 34,650. முதல் ஆறு வாரம் வேலையில்லாதவரிடம் வாடகை கேட்டு வெளியே அனுப்புவது இல்லத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடும் என்பதால் பாக்கியை வற்புறுத்தி வசூலிக்கவில்லை. ஆக ஆண்டுதோறும் 77,000 டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. நிறுவியவரின் சேமிப்பும், தேவாலயக் காணிக்கையும், ஆண்டுக்கொரு விருந்தும் அதை இரண்டாண்டுகள் தாங்கின. 2023 தொடக்கத்தில் சேமிப்பு தீர்ந்தது.

முதல் முயற்சியும் அதன் விளைவும்

"போதை ஒழிப்புக்கு உதவும் அறக்கட்டளைகள்" என்ற பெயரில் விலைக்குக் கிடைத்த ஒரு பட்டியலை வாங்கினார்கள். அதிலிருந்த 64 அறக்கட்டளைகளுக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினார்கள். நான்கு பக்கக் கடிதம். முதல் இரண்டு பக்கம் போதை குடும்பங்களை எப்படிச் சிதைக்கிறது என்று பேசியது. எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு வேண்டும் என்பது நான்காம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது.

ஐந்து மாதத்தில் வந்தது 2,500 டாலர். ஓர் அறக்கட்டளை கொடுத்தது. இரண்டு மறுத்து எழுதின. மற்றவை பதிலே போடவில்லை.

நிர்வாகக் குழுவில் பலர் கடிதத்தின் நடை சரியில்லை என்றும், தொழில்முறை எழுத்தாளர் ஒருவரை அமர்த்தலாம் என்றும் நினைத்தார்கள். குழுவிலிருந்த ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் அதற்கு முன் வேறொன்றைப் பார்க்கச் சொன்னார்: அந்த 64 பேரும் இதற்கு முன் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? இந்த நிகழ்வில் மிகப் பயன்பட்ட கேள்வி இதுவே.

ஆவணங்களில் கண்டது

அமெரிக்காவில் ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் ஆண்டுதோறும் வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் 990-பிஎஃப் என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். ஐஆர்எஸ் தளத்திலும் செய்தி நிறுவனமான புரோபப்ளிக்காவின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்திலும் இலவசமாகப் படிக்கலாம். அறக்கட்டளைகள் பற்றிய தகவலைத் திரட்டும் கேண்டிட் நிறுவனத்தின் கட்டணத் தரவுத்தளத்தையும் பல பொது நூலகங்களில் காசில்லாமல் பயன்படுத்தலாம். நூலகர் அப்படித்தான் செய்தார்.

படிவத்தில் நல்கை (திருப்பித் தரவேண்டாத நிதியுதவி) தேடுகிறவருக்கு முக்கியமானது துணைத் தகவல் பகுதி. அண்மைய படிவங்களில் அது 14ஆம் பகுதி, பழையவற்றில் 15. அதன் இரண்டாம் வரியில் ஒரு சிறு கட்டம் இருக்கும்: முன்பே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கிறோம், கேட்டு வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று பொருள். அதில் குறி இருந்தால் பொதுவில் கடிதம் அனுப்பிப் பயனில்லை. குறி இல்லாவிட்டால் யாருக்கு எழுதுவது, எந்த வடிவில், கடைசி நாள் எது, எந்த ஊர் அல்லது துறைக்கு மட்டும் என்பவை அதன் கீழேயே இருக்கும். மூன்றாம் வரியில் அந்த ஆண்டு கொடுத்த ஒவ்வொரு நல்கையும் பெறுபவர் பெயர், முகவரி, நோக்கம், தொகையோடு பட்டியலாக வரும்.

64 படிவங்களையும் இப்படிப் பார்த்ததில் 23இல் அந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருந்தது. 17 அறக்கட்டளைகள் வேறு மாநிலங்களுக்கு மட்டும் கொடுப்பவை. ஒன்பது, பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பெருந்தொகை கொடுப்பவை. அவற்றின் பட்டியலில் ஒரு லட்சம் டாலருக்குக் குறைந்த நல்கையே இல்லை. ஆறு, இணைய வாயில் வழியாக மட்டும் விண்ணப்பம் வாங்குபவை. தபாலில் போன கடிதத்தை யாரும் திறந்திருக்க வாய்ப்பில்லை. மீதி ஒன்பதுதான் கேட்கத் தகுந்தவை. ஒன்பதில் ஒன்று கிடைத்தது அவ்வளவு மோசமில்லை. மற்ற 55 கடிதங்களுக்குச் செலவான உழைப்பு வீண்.

தேடலைத் திருப்பிப் போட்டது

தலைப்பைக் கொண்டு தேடுவதை நிறுத்தினார்கள். தங்களைப் போன்ற 12 அமைப்புகளின் பெயரை எழுதிக்கொண்டு, அவற்றுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று தேடினார்கள். அந்தப் பன்னிரண்டும் அதே மாநிலத்தவை: மீட்பு இல்லங்கள், மீட்புச் சமூக மையங்கள், சிறையிலிருந்து திரும்புவோருக்கான அமைப்புகள், வீடற்றோர் தங்குமிடம் ஒன்று. 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 990-பிஎஃப் மின்னணு முறையில் தாக்கலாவதால், பெறுபவர் பெயரைத் தட்டினால் கொடுத்தவரின் படிவம் வந்துவிடுகிறது. ஒரே அமைப்புக்கு இரண்டு மூன்று பெயர் வடிவங்கள் இருக்கும். சுருக்கப் பெயர், பழைய பெயர், 'இன்க்' சேர்த்த பெயர் என எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தலைப்புத் தேடல் ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இங்கே தெரிந்தது. போதைமீட்புக்குப் பணம் தரும் அறக்கட்டளை தன் நோக்கப் பகுதியில் 'போதை' என்ற சொல்லையே எழுதாமல் இருக்கலாம். வீட்டு வசதி, மனநலம், வேலைப் பயிற்சி, குடும்ப நலம் என்று எழுதியிருப்பார்கள். கொடுத்த நல்கைகளின் பட்டியலைப் பார்த்தால் மீட்பு இல்லத்தின் பெயர் இருக்கும். தொண்டு நிறுவனங்களை வகைப்படுத்தும் என்டிஇஇ குறியீட்டிலும் இதே சிக்கல். போதைச் சிகிச்சைக்கு எஃப் 20 வரிசை இருந்தாலும் மீட்பு இல்லங்கள் பல வீட்டு வசதி வகையில் பதிவாகியிருக்கின்றன.

சமூக அறக்கட்டளைகள், அதாவது ஓர் ஊரில் பலரிடம் நிதி திரட்டி அங்கேயே வழங்குபவை, 990-பிஎஃப் தாக்கல் செய்வதில்லை. அவை வழக்கமான 990 படிவத்தைத் தருபவை. அதன் 'ஐ' அட்டவணையில் 5,000 டாலருக்கு மேற்பட்ட நல்கைகள் வரும். இதை அறியாதவர் தம் ஊரிலேயே உள்ள மிகப் பொருத்தமான இடத்தைத் தவறவிடுவார். இந்த நிறுவனமும் முதல் ஆண்டில் தவறவிட்டது.

இந்தத் தேடலில் 38 நிதியளிப்போர் கொடுத்த 71 நல்கைகள் கிடைத்தன. ஒவ்வொருவரின் மூன்றாண்டுப் படிவங்களையும் ஒரு விரிதாளில் ஏற்றினார்கள். பார்த்தவை: இல்லம் இருக்கும் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கொடுத்ததுண்டா, புதியவருக்குக் கொடுக்கிறார்களா, நல்கைகளின் நடுத்தொகை எவ்வளவு. சராசரியைப் பார்க்கவில்லை, ஒரே ஒரு பெரிய நன்கொடை சராசரியைத் தூக்கிவிடும்.

புதியவர் கேள்வி தனியாகச் சொல்லத்தக்கது. ஓர் அறக்கட்டளையின் மூன்றாண்டுப் பட்டியலை அருகருகே வைத்தார்கள். முதல் ஆண்டில் 22 பெயர்கள், இரண்டாம் ஆண்டில் 22, மூன்றாம் ஆண்டில் 23. அவற்றில் 21 பெயர்கள் மூன்றிலும் அப்படியே. விண்ணப்பம் ஏற்போம் என்று படிவம் சொன்னாலும் அங்கே ஆண்டுக்கு ஓரிடம்தான் திறக்கிறது. கட்டம் குறிக்கப்பட்ட வேறோர் அறக்கட்டளையிலோ ஆண்டுக்கு நான்கைந்து புதுப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அறங்காவலருக்கு அறிமுகமானவர்கள் உள்ளே வருகிறார்கள் என்று புரிந்தது. முதலாவதை நீக்கினார்கள், இரண்டாவதை வைத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு கேட்பது என்பதற்கும் படிவமே வழிகாட்டியது. தனியார் அறக்கட்டளைகள் தம் முதலீட்டுச் சொத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தை ஆண்டுதோறும் வழங்கியாக வேண்டும். 40 லட்சம் டாலர் சொத்துள்ள அறக்கட்டளை ஏறத்தாழ 2 லட்சம் வழங்கும். அது 25 பேருக்குப் பிரிகிறது என்றால் 50,000 கேட்பது பொருந்தாது, 7,500 பொருந்தும். படிவம் தாக்கலாவதே நிதியாண்டு முடிந்து பல மாதம் கழித்து என்பதால், கண்ணுக்குத் தெரிவது ஒன்றிரண்டு ஆண்டு பழைய நிலவரம் என்பதையும் கணக்கில் கொண்டார்கள்.

கடைசியில் 14 பெயர்கள் நின்றன.

தொலைபேசியில் வந்த இரண்டு கேள்விகள்

பேச ஆள் இருந்த ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பம் எழுதும் முன்பே அழைத்தார்கள். 15 நிமிடப் பேச்சு. கேட்டது "இது உங்களுக்குப் பொருந்துமா, எந்தச் சுற்றில் அனுப்பலாம்" என்பது மட்டும். அந்த உரையாடல்களில் வந்த இரண்டு கேள்விகள் இல்லத்தையே மாற்றின.

முதல் கேள்வி எண்ணைப் பற்றியது. சிற்றேட்டில் "82 சதவீத வெற்றி" என்று போட்டிருந்தார்கள். எத்தனை பேரில் என்று ஒரு திட்ட அலுவலர் கேட்டார். ஆறு மாதம் முடித்த 17 பேரில் 14 பேர் என்பதே அந்த 82. இரண்டாண்டில் உள்ளே வந்தவர்களோ 44 பேர். 14 பேர் முதல் 30 நாளுக்குள் வெளியேறியிருந்தார்கள். இந்தத் துறையில் இது பரவலான பழக்கம். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே நடக்கிறது. ஆனால் பல விண்ணப்பங்களைப் படித்த அலுவலர் உடனே கண்டுகொள்வார். கண்டுகொண்ட பிறகு மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

அதன்பின் விண்ணப்பத்தில் முழுக் கணக்கையும் எழுதினார்கள்: 44 பேர் வந்தனர், 30 பேர் முதல் மாதத்தைத் தாண்டினர், 17 பேர் ஆறு மாதம் தங்கினர், அவர்களில் 14 பேர் அழைத்து விசாரித்தபோது முந்தைய 30 நாளில் போதைப் பொருள் எதையும் பயன்படுத்தவில்லை என்றனர். முதல் மாதத்தில் ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பது திட்டத்தின் மையமானது. அதோடு பார்க்-10 என்ற பத்துக் கேள்வி அளவுகோலை வந்த நாளிலும் மூன்றாம், ஆறாம் மாதங்களிலும் நிரப்பத் தொடங்கினார்கள். மதிப்பெண் 10 முதல் 60 வரை. நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. குடிக்காமல் இருந்த நாட்களை எண்ணாமல் வாழ்க்கை நிறைவு, பிறரின் ஆதரவு, இருப்பிடம், பொறுப்புணர்வு ஆகியவற்றை அது தொடுகிறது.

இரண்டாவது கேள்வி கடினமானது: புப்ரெனோர்ஃபின் (ஓபியாய்டு எனும் அபின் வகைப் போதைக்கு அடிமையானவருக்குத் தரும் சிகிச்சை மருந்து) எடுத்துக்கொள்பவரை ஏற்பீர்களா? இல்லத்தின் விதி அதைத் தடுத்தது. முந்தைய ஆண்டில் இரண்டு பேரை அதன் பேரிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். இல்லப் பொறுப்பாளர் எந்த மருந்தும் இல்லாமல் மீண்டவர். மருந்து உள்ளே வந்தால் மற்றவர்கள் தடுமாறுவார்கள் என்று உண்மையாகவே அஞ்சினார். நிர்வாகக் குழு இரண்டு கூட்டங்கள் பேசியது. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தைக் காரணம் காட்டி ஒருவரை விலக்குவது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறுவதாகலாம் என்று அமெரிக்க நீதித் துறை 2022 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அந்த மருந்து மிகைப்போதை மரணத்தைக் குறைக்கிறது என்பதிலும் மருத்துவ உலகில் ஐயமில்லை. விதியை மாற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள சிறு பெட்டி, வாரமொரு முறை தங்குபவர் முன்னிலையில் மாத்திரை எண்ணுதல், எண்ணிக்கை குறைந்தால் முதலில் மருத்துவரை அழைப்பது, மிகைப்போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்து ஒவ்வொரு தளத்திலும். இவை எழுத்தில் வந்த பிறகு பொறுப்பாளரின் அச்சம் ஓரளவு தணிந்தது.

பணத்துக்காக விதியை மாற்றினார்கள் என்று சிலர் சொன்னார்கள். திருப்பி அனுப்பப்பட்ட அந்த இருவருக்காகவே முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்பதே இதை எழுதுபவர்களின் கருத்து.

விண்ணப்பம்

ஏழு இடங்களுக்கு இரண்டு பக்க முன்விண்ணப்பக் கடிதம் போனது. முதல் வாக்கியத்திலேயே தொகை, ஆட்கள், இடம், காலம் எல்லாம் வந்தன: இந்தக் கவுன்ட்டியில் எட்டுப் பேர் தங்கும் மீட்பு இல்லத்தில், முதல் 30 நாள் கவனிப்பைப் பலப்படுத்தும் சக துணை ஒருங்கிணைப்பாளரின் ஓராண்டுச் சம்பளத்துக்காக இவ்வளவு டாலர் கேட்கிறோம். வரவுசெலவில் தங்குபவர் கட்டும் பணத்தையும் துண்டு விழும் தொகையையும் மறைக்காமல் காட்டினார்கள். நிரம்பிய ஒரு படுக்கைக்கு ஓர் இரவுக்கு 45 டாலர் ஆகிறது என்ற கணக்கு (112,000 டாலரை 2,482 படுக்கை இரவுகளால் வகுத்தது) ஏறத்தாழ எல்லா அலுவலர்களாலும் திரும்பக் குறிப்பிடப்பட்டது. அவர்கள் தம் அறங்காவலர்களிடம் எடுத்துச் சொல்ல எளிதாக இருந்தது அது ஒன்றுதான்.

இடையில் ஒரு தடங்கல். ஐஆர்எஸ் வழங்கிய அங்கீகாரக் கடிதத்தில் நிறுவனத்தின் பழைய பெயர் இருந்தது. வங்கிக் கணக்கும் விண்ணப்பமும் புதுப் பெயரில். சரிபார்ப்பில் ஒரு விண்ணப்பம் நின்றுவிட்டது. பெயர் மாற்றத்தை உறுதிசெய்யும் கடிதத்தைப் பெற ஏழு வாரம் ஆனது, அந்தச் சுற்று போய்விட்டது.

இன்னொரு தவறு, ஒருங்கிணைப்பாளரின் முழுச் சம்பளத்தையும் இரண்டு இடங்களில் கேட்டது. இரண்டுமே இசைவு தந்தன. ஒரே செலவுக்கு இருமுறை பணம் வாங்க முடியாது. சிறிய தொகை தந்தவரிடம் உடனே எழுத்தில் தெரிவித்து, பரிசோதனைப் பொருட்களுக்கும் காப்பீட்டுக்கும் மாற்ற அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. மறைத்திருந்தால் ஆண்டிறுதி அறிக்கையில் வெளிப்பட்டிருக்கும்.

கிடைத்ததும் அதன்பின் நடந்ததும்

ஏழில் நால்வர் முழு விண்ணப்பம் கேட்டார்கள், மூவர் கொடுத்தார்கள். ஒரு சுகாதார அறக்கட்டளை 40,000 டாலர், சமூக அறக்கட்டளை பொதுச் செலவுக்கு 15,000, ஒரு குடும்ப அறக்கட்டளை 7,500. கட்டம் குறித்திருந்த அந்த மற்றோர் அறக்கட்டளையின் அறங்காவலரை நிர்வாகக் குழுவிலிருந்த செவிலியர் ஒருவருக்குத் தெரியும். அவரை இல்லத்துக்கு ஒருமுறை அழைத்துக் காட்டினார்கள். அங்கிருந்து 10,000. ஆகத் தனியார் நல்கை 72,500.

இதற்கிடையே கவுன்ட்டியின் ஓபியாய்டு வழக்குத் தீர்வு நிதியும் திறந்தது. ஓபியாய்டு வலிநிவாரணிகளைப் பரப்பியதாகத் தொடுத்த வழக்குகளில் மூன்று பெரும் மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2600 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்ட தீர்வு அது. 2022இல் நடைமுறைக்கு வந்தது. விநியோகஸ்தர்களின் பங்கு 18 ஆண்டுகளில் வருகிறது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்ற இணைப்புப் பட்டியலில் மருந்துச் சிகிச்சையை அனுமதிக்கும் மீட்பு இல்லங்கள் என்றே இருக்கிறது. பழைய விதி நீடித்திருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது. மீட்பு இல்லங்களுக்கான தேசியக் கூட்டமைப்பான நார் வகுத்த தரத்தின்படி மாநிலச் சான்றும் கேட்டார்கள். அது முன்பே இருந்தது. 48,000 டாலர் கிடைத்தது.

ஆனால் அது செலவழித்த பின் திருப்பித் தரும் பணம். முதல் காலாண்டில் 12,000 செலவிட்டு ரசீது அனுப்பினார்கள். பணம் வர 74 நாள் ஆனது. அந்த இடைவெளியில் சம்பளத்தைக் காப்பாற்றியது சமூக அறக்கட்டளையின் 15,000 மட்டுமே. குறிப்பிட்ட செலவோடு கட்டிப்போடாத பணம் சிறியதாக இருந்தாலும் ஏன் தேவை என்பது அந்தப் பத்து வாரத்தில் எல்லாருக்கும் விளங்கியது.

2024 இறுதியில் சுகாதார அறக்கட்டளை தன் கவனத்தை இளைஞர் தடுப்புத் திட்டங்களுக்கு மாற்றியது, 40,000 புதுப்பிக்கப்படவில்லை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே இடத்திலிருந்து வந்திருந்தது. ஒருங்கிணைப்பாளரின் வேலை வாரம் 40 மணியிலிருந்து 25 ஆகக் குறைந்தது. முதல் மாதத்தில் வெளியேறுவோர் எண்ணிக்கை அதுவரை குறைந்து வந்தது. வேலை நேரம் குறைந்தபின் அது மறுபடி கூடுகிறதா என்று கணக்கெடுத்து வருகிறார்கள்.

மாற்றிச் செய்யவேண்டியவை

பட்டியல் விலைக்கு வாங்கியது தேவையில்லாத செலவு. 12 அமைப்புகளின் பெயரும், நூலகத்தில் மூன்று நாளும் போதும். ஐஆர்எஸ் பெயர், மாநிலப் பதிவு, கேண்டிட் தளத்திலுள்ள நிறுவன விவரம், வங்கிப் பெயர் நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று தேடலைத் தொடங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

சுகாதார அறக்கட்டளையின் முந்தைய நல்கைகளில் பெரும்பாலானவை ஓராண்டோடு நின்றவை. இந்தத் தகவல் விரிதாளிலேயே இருந்தது. யாரும் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. இப்போது "எத்தனை ஆண்டு தொடர்கிறார்கள்" என்று விரிதாளில் ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறார்கள். ஓராண்டுக்காரரிடம் பூட்டுப் பெட்டி, கட்டில், வாகனப் பழுது போன்ற ஒருமுறைச் செலவைக் கேட்கிறார்கள். சம்பளத்துக்கான பணத்தை, பல ஆண்டு தொடர்ந்து கொடுப்பவர்களிடம் கேட்கிறார்கள்.

கவுன்ட்டி ஒப்பந்தத்தில் முன்பணம் கேட்கும் வாய்ப்பு இருந்தும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு காலாண்டு முன்பணம் கேட்டார்கள், பாதி கிடைத்தது.